யோக்குமின் இருபத்து நான்காம் வாளி

வடக்கே பனிக்கடலோரம் இருக்கும் இக்காட்டொக்கில் எழுபத்து மூன்று பேர், நூற்று நாற்பது நாய்கள், ஒரு கடை, ஒரு தேவாலயம், ஒரு மீன் ஆலை. இத்தனைக்கும் நடுவில் வாழ்நாளில் சீல் என்கிற கடல்நாய் ஒன்றைக்கூடப் பிடிக்காத ஆண்பிள்ளை ஒருவன்தான். அவன் பெயர் யோக்கும். வயது நாற்பத்தேழு.

முயற்சி செய்யவில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. துப்பாக்கி இருந்தது, படகு இருந்தது, பொறுமை வேண்டிய மட்டும் இருந்தது. ஒருமுறை பனிக்கட்டியில் சீல் மூச்சுவிட வரும் துளையருகே மூன்று மணி நேரம் அசையாமல் நின்றான். அது தலையைத் தூக்கிய அந்த நொடியில் தும்மினான். இன்னொரு முறை குறி தப்பவே இல்லை, நேராகப் போய் மைத்துனன் எனோக்கின் வலை மிதவையில் பாய்ந்தது. எனோக் அந்த மிதவையை ஓட்டையோடு வீட்டு வாசலில் தொங்கவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "மச்சான் வேட்டை" என்று காட்டிக்கொண்டிருந்தான். இருபது வருடமாகியும் அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அவன் ஹாலிபட் மீன் பிடிப்பான், நன்றாகவே பிடிப்பான். ஆனால் மீன் ஆலைக்குப் போகும் சரக்கு, அது எந்தக் கணக்கிலும் சேராது. சீல் என்றால் பேச்சே வேறு. பையன் ஒன்பது பத்து வயதில் முதல் சீலைக் கொண்டுவந்தால் இறைச்சி ஊர் முழுக்கப் போகும், காப்பி விருந்து நடக்கும், சீலோடு பையன் நிற்கிற படம் சட்டம் போட்டுச் சுவரில் ஏறும். யோக்கும் வீட்டுச் சுவரிலும் அதற்காக ஓர் ஆணி இருந்தது. அவனுடைய அப்பா உல்லொரியாக் அடித்த ஆணி. யோக்குமுக்கு எட்டு வயதானபோது, எப்படியும் அடுத்த வருடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே அடித்துவைத்தார். ஊரிலேயே பெரிய வேட்டைக்காரர் அவர். முப்பத்து மூன்று வருடம் அந்த வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் கண்ணை மூடினார். அந்த ஆணியைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட யோக்குமுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனால் செத்தவர் அப்படியே போய்விட்டால் அது இக்காட்டொக் இல்லையே. அவர் போன மறு மாதம் எனோக்குக்குப் பெண் பிறந்தது, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. ஆகையால் யோக்கும் அந்த ஆறு வயதுக் குட்டியை "அப்பா" என்றுதான் கூப்பிடுவான், அது அவனை "மவனே" என்று கூப்பிடும். பெரியவர் கேட்காமல் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் இந்தப் புதிய அப்பா கேட்டுத் தீர்த்தது.

"மவனே, இன்னிக்காவது ஏதாச்சும் கிடைச்சுதா?"

"இல்ல அப்பா."

"மூக்கு ஒழுகுது பாரு. தொடச்சுக்க. அதான் சீல் எல்லாம் பயந்து ஓடுது."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஹெலிகாப்டரிலிருந்து விபெகெ என்ற டென்மார்க்காரி இறங்கினாள். கடல் நீரிலும் அடிச்சேற்றிலும் இருக்கிற பாக்டீரியாவை ஆராய்கிறவள். வெயில் காலத்தில் அவை என்ன செய்கின்றன, சூரியனே வராத மாதங்களில் என்ன செய்கின்றன என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், இருட்டானாலும் புயலானாலும் பனிக்கட்டியைத் துளைத்துச் சேறு எடுத்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று மீன் ஆலை வாசலில் நின்று கேட்டாள்.

"வேட்டைக்காரன் எவனும் ஒண்ணும் கிடைக்காத இடத்துக்கு ரெண்டாவது தடவை போக மாட்டான்" என்றான் எனோக். "எங்க மச்சான் போவான். அவனுக்குப் பழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். யோக்கும் கையைத் தூக்கினான்.

அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் "சேத்து வேட்டைக்காரன்" என்று ஆயிற்று. அவனும் வேலையைச் சும்மா செய்யவில்லை. நாற்பத்தெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கயிற்றில் இரும்புக் குழாயை இறக்குவான், அது அடிச்சேற்றில் குத்தி ஒரு முழம் சேற்றை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். அதை மேலிருந்து விரல் கனத்துக்கு எட்டுத் துண்டாக அறுத்து, தனித்தனிப் பையில் போட்டு, கடல் நீரும் பனித்தூளும் கலந்த வாளியில் அமுக்குவான். கடலடியில் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் வாளிக்குள்ளும் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் உறைந்துவிடும், வீட்டுக்குள் வைத்தால் சூடாகிவிடும். இரண்டும் உள்ளே இருப்பவற்றுக்கு ஆகாது. வாளியில் சட்டைப் பொத்தான் போல இரண்டு கருவிகள் உண்டு, ஒன்று மூடிக்கு அடியில், ஒன்று சேற்றுப் பைகளுக்கு நடுவில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு குளிர் என்று அவை குறித்துக்கொள்ளும்.

போகப் போக அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் குணம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் நாய்களைப் போலத்தான் அவையும். இருட்டு மாதங்களில் தீனி இல்லை, சுருண்டு கிடக்கும், சேற்றில் வாடையே இருக்காது. பிப்ரவரியில் சூரியன் எட்டிப் பார்த்து, மார்ச்சில் வெளிச்சம் பனிக்கட்டிக்குள் இறங்கும்போது, கட்டியின் அடிப்பக்கம் பழுப்புப் பாசி பிடிக்கும். முதலில் தண்ணீரில் இருப்பவை விழித்துக்கொள்ளும். அப்புறம் பாசி கழன்று அடியில் விழும், அடிச்சேற்றில் இருப்பவை மொத்தமாக எழுந்து பந்தியில் உட்காரும். காற்றே இல்லாத இடத்தில் தின்று, அழுகின முட்டை வாடையை விட்டு, சேற்றைக் கருப்பாக்கிவிடும். அந்தக் குளிரிலேயே அவை பிறந்து வளர்ந்தவை, குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது. வீட்டுச் சூட்டில் வைத்தால்தான் காய்ச்சல் கண்டு சாகும்.

இருபத்து மூன்று மாதமாக ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. ஊரில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. யோக்குமுக்குப் பட்டது. தான் தொட்டுக் கெட்டுப்போகாத காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவனுக்கே புதிய செய்தி.

"ஏப்ரல் வந்துட்டா இருபத்து நாலு யோக்கும்" என்று விபெகெ தொலைபேசியில் சொன்னாள். "ரெண்டு முழு வருஷம். அதுலயும் ஏப்ரல்தான் முக்கியம், முதல் தீனி விழுற மாசம். இது மட்டும் விட்டுப்போச்சுன்னா மத்த இருபத்து மூணையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்றது?"

"விட்டுப்போகாது" என்றான் யோக்கும். அப்படி உறுதியாக ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

ஏப்ரல் பதினான்கு, வியாழக்கிழமை காலை. இருபத்து நான்காவது சேறு மேலே வந்தபோது அவன் முழங்காலிட்டு மோந்து பார்த்தான். நல்ல முட்டை வாடை. மேல் துண்டின் தலையில் பழுப்புப் பச்சையாக மெல்லிய ஆடை. முதல் தீனி விழுந்துவிட்டது! தனியாக இருந்தும் சத்தம் போட்டுச் சிரித்தான். எட்டுத் துண்டையும் அறுத்து வாளியில் அமுக்கி, மூடியில் "யோக்கும், ஏப்ரல் 14" என்று எழுதினான். விபெகெயின் கட்டளை, பெயரும் தேதியும் இருந்தே ஆக வேண்டும். பிறகு குழாயைக் கழுவுவதற்காக இன்னொரு முறை துளைக்குள் இறக்கினான். கயிற்றின் மறுநுனி எங்கே என்று திரும்பிப் பார்த்தான். மறுநுனியும் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

குழாய் கடலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. இனி ஜூனில் கப்பல் வந்தால்தான் வேறு குழாய். ஆக, இந்த ஏப்ரலுக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரே வாளி.

அன்றைக்குப் பார்த்து ஹெலிகாப்டரும் வரவில்லை. நகரத்தில் மூடுபனி, சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். யோக்குமின் மனைவி கெதூரா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நகரத்துக்குப் போனவள், அவளும் அங்கேயே மாட்டிக்கொண்டாள். யோக்குமுக்கோ அன்றே ஹாலிபட் தூண்டில்களைப் பார்க்கப் பனி மேல் வண்டி கட்டியாக வேண்டும், திரும்பிவர இரண்டு இரவாகும். அவன் வீட்டு முன்கூடம் தெற்குப் பார்த்தது, ஏப்ரல் வெயில் அடித்தால் சூடேறிவிடும். பக்கத்து வீட்டு ரோசினெ அக்காவின் முன்கூடம் வடக்குப் பார்த்தது, நாள் முழுக்கச் சில்லென்று ஒரே சீராக இருக்கும். அக்கா மீன் ஆலையில் வேலையாக இருந்தாள். யோக்கும் வாளியை அவள் முன்கூடத்தில் வைத்துவிட்டு வண்டியில் நாய்களைப் பூட்டினான்.

இங்கேதான் அவன் தவறு செய்தான். ஒரு வீட்டு முன்கூடத்தில் ஒன்றும் சொல்லாமல் வாளி வைத்தால் அதற்கு இக்காட்டொக்கில் ஒரே அர்த்தம்தான். வேட்டையில் கிடைத்த பங்கு. வைத்தவன் சொல்லிக்காட்டக் கூடாது, வாங்கினவர் கேள்வி கேட்கக் கூடாது, வேண்டாம் என்பது பேச்சுக்கே இடமில்லை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். யோக்குமுக்கும் தெரியும். அவன் கைக்கு நூறு வாளி வந்திருக்கிறது. ஆனால் அவன் கையால் ஒரு வாளி யார் வீட்டுக்கும் போனதில்லை. தான் வைக்கிற வாளியையும் ஒருவர் அப்படி நினைக்கக்கூடும் என்பது அவன் புத்தியில் உதிக்கவே இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்த ரோசினெ மூடியில் இருந்த பெயரைப் படித்தாள். மறுபடி படித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் பிள்ளை முதல் பங்கு கொடுக்கிறான், அதுவும் யாருக்கும் மூச்சுக்காட்டாமல்! மூடியைத் திறந்தாள். மறுபடியும் கண்ணில் தண்ணீர் வந்தது, இந்தத் தடவை வாடையினால். பனிநீருக்குள் எட்டுப் பை, உள்ளே கருப்பாக, தளதளவென்று ஏதோ. அவன் அப்பா சீல் ஈரலைக் குழியில் போட்டுப் புளிக்கவைப்பதில் பேர் போனவர். அந்தப் பக்குவம்தான் போலிருக்கிறது என்று முடிவுசெய்தாள். தின்ன முடியுமா என்று பத்து நிமிடம் யோசித்தாள். முடியாது. தூக்கிப் போட முடியுமா? அது பெரும் பாவம். ஆகவே காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு உபதேசியார் ஆமோஸ் வீட்டுக்குப் போனாள்.

"நம்ம யோக்கும் குடுத்த பங்கு, உபதேசியாரே. நான் எனக்கு எடுத்துக்கிட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. என் பங்குல ஒரு துண்டு மீதி வைக்கல."

ஆமோஸ் மூடியைத் திறந்து, மூடி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபம் செய்தார். மதியம் வாளி கடைக்காரி அபெலோனெ கைக்குப் போயிற்று.

"நானும் ஒரு துண்டு எடுத்துக்கிட்டேம்மா" என்றார். "வாய்க்கு ருசியா இருந்துச்சு."

அபெலோனெ கணக்கில் கெட்டிக்காரி, உள்ளே எண்ணிப் பார்த்தாள். எட்டு. ரோசினெ தின்றாள், உபதேசியார் தின்றார், இன்னும் எட்டு. வேதத்தில் வரும், எடுக்க எடுக்கக் குறையாத ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை அவளுக்கு ஞாபகம் வந்தது. உபதேசியாரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள், ஆனால் தானும் தின்னப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை. சர்க்கரை வாங்க வந்தவர்களிடமும் பாட்டரி வாங்க வந்தவர்களிடமும் "யோக்கும் முதல் வேட்டை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடை மூடுகிற நேரத்துக்குள் எழுபத்து மூன்று பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. மாலையில் வாளியை எனோக் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எனோக் மூடியில் இருந்த பெயரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முப்பது வருடக் கிண்டல் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எழுந்து போய் வாசலில் தொங்கிய மிதவையைத் தொட்டுப் பார்த்தான், கழற்ற மனம் வரவில்லை, திரும்பி வந்தான். பிறகு மேலே இருந்த பையைப் பிரித்து, வீட்டில் எல்லோரும் பார்க்க, முழுத் துண்டையும் வாயில் போட்டு மென்றான். தப்பித்துக்கொள்ளாமல் தின்றவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"கொஞ்சம் நறநறன்னு இருக்கு" என்றான் எனோக், கண் கலங்க. "அதான் பக்குவம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது. நாளைக்கு நம்ம வீட்டுல காப்பி விருந்து. அதுவரைக்கும் வாளி முன்கூடத்துல குளிர்ல இருக்கட்டும். தங்கச்சி இல்லைன்னா என்ன, நான் நடத்துறேன்."

சனிக்கிழமை மதியம் யோக்கும் திரும்பி வந்தான். நேராக ரோசினெ வீட்டு முன்கூடத்துக்குப் போனான். வாளி இல்லை. வெளியே ஓடி வந்தவனை முதலில் எதிர்ப்பட்டவர் கட்டிப்பிடித்தார், அடுத்தவர் கையைக் குலுக்கினார், மூன்றாமவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"வாளி! என் வாளியைப் பாத்தீங்களா?"

"பாக்காமலா? எனோக் வீட்டுல இருக்கு, எல்லாரும் அங்கதான். ஓடு, ஓடு!"

எனோக் வீட்டு முன்கூடத்தில் பூட்ஸ் மலை. உள்ளே முப்பது பேர், கணப்பு முழு மூச்சில். மேசை மேல் ஆறு வகைக் கேக், காய்ந்த மீன், காப்பிப் பாத்திரம். நடுவில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வாளி, வாளிக்குப் பக்கத்தில் காகிதக் கொடி. மேசைத் தலைமாட்டில், விசேஷ நாளுக்கான வெள்ளை அங்கியும் மணிமாலையும் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தது. கால் தரைக்கு எட்டவில்லை.

யோக்கும் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். பனித்தூள் பாதி கரைந்து, நாலைந்து கட்டிகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

"எப்பத்துலேர்ந்து இது இங்க இருக்கு?" என்றான். யார் காதிலும் விழவில்லை. எனோக் ஏற்கெனவே எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துவிட்டான்.

"இந்த மச்சானை நான் முப்பது வருஷமா வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன்" என்று ஆரம்பித்தான். "எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொல்றேன், நான் பேசினது தப்பு. நேத்து இவன் பங்கை நான் தின்னேன். எங்க அப்பன்கூட இப்படி ஒரு பக்குவம் பண்ணினதில்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். ரோசினெ மூக்கைச் சிந்தினாள். அப்பா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து யோக்குமின் கையைப் பிடித்துக்கொண்டது.

"மவனே, நான் ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தேன்."

வாழ்நாள் முழுக்க ஏங்கியதெல்லாம் இந்த அறையில் கேக்கோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், சாகும் வரை அவன் வேட்டைக்காரன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிகள் கரைந்துவிடும். இரண்டு இருட்டுக் காலத்தைப் பட்டினியாகக் கடந்து, இப்போதுதான் முதல் தீனியில் வாய் வைத்தவை, எனோக் வீட்டுக் கணப்புச் சூட்டில் செத்துப்போகும். வாளியில் ஒரு கட்டி சின்னச் சத்தத்தோடு உடைந்தது.

"அது சேறு" என்றான் யோக்கும்.

"என்ன மச்சான்?"

"சேறு. நான் மாசாமாசம் எடுக்கிற சேறு. குளிர்ச்சியா இருக்கட்டும்னு அக்கா வீட்டுல வச்சேன். பங்கு இல்ல."

காப்பிக் கோப்பைகள் நடுவழியில் நின்றன. எனோக் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப நான் தின்னது?"

"மேல் துண்டு" என்றான் யோக்கும் வருத்தத்தோடு. "எட்டுல அதான் ரொம்ப முக்கியமானது."

அபெலோனெ எழுந்து வாளிக்குள் பார்த்தாள், விரலை நீட்டி எண்ணினாள். "ஏழு இருக்கு" என்றாள். "அப்படின்னா மொத்தமே ஒண்ணுதான் குறையுது."

முப்பது பேரும் மெல்லத் திரும்பி ரோசினெயைப் பார்த்தார்கள். பிறகு உபதேசியாரைப் பார்த்தார்கள்.

"நான் எடுத்துக்கிட்டேன்னுதான் சொன்னேன்" என்றார் ஆமோஸ். "தின்னேன்னு சொல்லலையே."

"வாய்க்கு ருசியா இருந்துச்சுன்னு சொன்னீங்களே!"

உபதேசியார் தன் கேக்கை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். சிரிப்பு எந்தப் பக்கமிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. அது பெருகி வருவதற்குள் யோக்கும் வாளியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, அவசரத்தில் தன் பூட்ஸுக்குப் பதில் எனோக்கின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினான். அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கரையிலிருந்து இருநூறு அடி தூரத்தில் அவன் துளை. மேலே படிந்திருந்த பனியை உடைத்து, ஏழு பையையும் வலையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினான். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், கடலைவிடக் கடல் குளிர் வேறு எங்கே கிடைக்கும்? இந்தத் தடவை கயிற்றின் மறுநுனியைத் தன் இடுப்பில் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டான். பிறகு உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஊர் சிரிப்பதைப் பற்றிக் கவலையில்லை, அது அவனுக்குப் பழகிப்போனது. அந்தச் சின்னக் கை அவன் கையைப் பிடித்ததுதான் தாங்க முடியவில்லை.

பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எனோக் முன்னால் வந்தான், யோக்குமின் பூட்ஸ் அவனுக்குச் சிறிது, நொண்டி நொண்டி நடந்தான். அவன் பின்னால் கேக் தட்டுகளோடு ஊரே வந்துகொண்டிருந்தது. பனிவண்டியில் வெள்ளை அங்கியோடு அப்பா.

"விருந்துன்னு கூப்பிட்டாச்சு" என்றான் எனோக், முகத்தைப் பார்க்காமல். "விருந்தாளி வெளியில உக்காந்திருந்தா நாங்க உள்ள எப்படித் தின்னுறது?"

அப்பா இறங்கி வந்து துளைக்குள் எட்டிப் பார்த்தது.

"மவனே, உள்ள இருக்கிறது உசிரோட இருக்கா?"

"இருக்கு அப்பா. இன்னும் இருக்குன்னுதான் நினைக்கிறேன்."

"எத்தனை?"

"ஒரு ஸ்பூன் சேத்துல கோடி கோடியா இருக்கும். இந்த உலகத்துல மனுசங்க எத்தனை பேரு, கிட்டத்தட்ட அத்தனை."

"எல்லாம் நீயே பிடிச்சியா?"

"நானேதான்."

"இருட்டுலயும் வந்தியா?"

"வந்தேன்."

அப்பா எனோக் பக்கம் திரும்பியது. "நீ ஒரு நாளைக்கு எத்தனை சீல் பிடிப்ப?"

"ஒண்ணு" என்றான் எனோக். "நல்ல நாளா இருந்தா ரெண்டு."

"சரி" என்றது அப்பா. "என் மவனுக்குக் காப்பி ஊத்து."

எனோக் ஊற்றினான். மூன்று மணிக்கு ஹெலிகாப்டர் வந்தபோது விருந்து நடந்துகொண்டிருந்தது. புதிய பனித்தூள் போட்ட வாளியை விமானி கையில் கொடுத்துவிட்டு யோக்கும் திரும்பினான். ஒரு கன்னம் வீங்கியபடி இறங்கிய கெதூரா, சுற்றிலும் பார்த்தாள்.

"எல்லாரும் ஏன் சேத்துக் குழியைச் சுத்தி உக்காந்து கேக் தின்னுறீங்க?"

"கேக்காத தங்கச்சி" என்றான் எனோக்.

இரண்டு வாரம் கழித்து விபெகெயிடமிருந்து தொலைபேசி வந்தது. யோக்கும் எழுந்து நின்றுகொண்டு பேசினான்.

"யோக்கும், மூடிக்கு அடியில இருந்த கருவி ஒரு கோடு வரைஞ்சிருக்கு. வியாழக்கிழமை நேரா போகுது. வெள்ளிக்கிழமை ஒரு படி ஏறி இறங்குது, மத்தியானம் இன்னொரு படி. சனிக்கிழமை பதினோரு மணிக்குச் செங்குத்தா ஏறிப் பத்தொன்பது டிகிரிக்குப் போகுது. அங்க என்னதான் நடந்துச்சு?"

அவன் ஒன்று விடாமல் சொன்னான். மறுமுனையிலிருந்து வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"சேத்துக்கு நடுவுல இருந்த கருவி ஒரு டிகிரியைத் தாண்டல" என்றாள் கடைசியில். "ஏழு துண்டும் உசிரோட வந்துச்சு, நல்லாத் தின்னுக்கிட்டு இருக்கு. இருபத்து நாலும் சேர்ந்தாச்சு யோக்கும். ஆனா மேல் துண்டு ஏன் இல்லைன்னு குறிப்புல எழுதணும். பொய் எழுத முடியாது."

யோக்கும் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான். "மச்சான் தின்னுட்டாருன்னு எழுதுங்க."

அவள் அப்படியே எழுதினாள். அந்தக் கோட்டைப் பெரிய தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு அவனுக்கும் அனுப்பிவைத்தாள். அதைப் பார்க்கவே இன்னொரு காப்பி விருந்து நடந்தது. அவரவர் தங்கள் வீட்டுப் படியைத் தேடினார்கள். ரோசினெயின் கோடு வளையாமல் நேராக இருந்ததில் அவளுக்குப் பெருமை.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டான் எனோக்.

யோக்கும் உச்சியில் விரலை வைத்தான்.

"அவ்வளவு உசரத்துலயா!" என்று எனோக் மார்பை நிமிர்த்திக்கொண்டான். மறுநாள் அவன் வாசலில் மிதவையைக் காணோம்.

யோக்கும் சுவரில் இருந்த அந்தப் பழைய ஆணியைத் துடைத்து, படத்தை அதில் மாட்டினான். முப்பத்தொன்பது வருடமாகச் சும்மா இருந்த ஆணி, பாரத்தில் கொஞ்சம் தலை சாய்ந்தது. அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தது.

"கோணலா இருக்கு மவனே. நேரா மாட்டு."

யோக்கும் நேராக மாட்டினான்.